கயோட்டி வேட்டைக்குக் கைக்கு எட்டும் விலையில் ரைஃபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் நிலம் வாங்கும் நம் ஆட்கள் முதலில் வேலி போடுகிறார்கள். அப்புறம் ஆடு வாங்குகிறார்கள். விவசாய நிலமென்று காட்டினால் நிலவரி குறையும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அப்புறம் ஒரு நாள் ராத்திரி வேலியோரம் ஊளைச் சத்தம் கேட்டதும் எனக்குப் போன் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்குப் போன் செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான். பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகளெல்லாம் சுமாரானவை, கடைக்குக் கடை மாறும். சட்டம் பற்றிச் சொல்வது டெக்சாஸுக்கு. மாநிலம் மாறினால் சட்டமும் மாறும்.

"கயோட்டின்னா நம்ம ஊர் நரிதானே அண்ணா? அதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய துப்பாக்கி?"

நம் ஊர்க் குள்ளநரிக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய், ஓநாய், குள்ளநரி எல்லாம் இருக்கும் அதே குடும்பம். டெக்சாஸில் ஒரு கயோட்டி 10 முதல் 16 கிலோ இருக்கும். குளிர்காலத்து ரோமத்தோடு பார்த்தால் 25 கிலோ போலத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். ரோமத்தை நீக்கிப் பார்த்தால் ஒல்லியான நாட்டு நாய். நீங்கள் குறிவைக்க வேண்டிய நெஞ்சுப் பகுதி நாலைந்து அங்குலம்தான்.

அதனால் பெரிய துப்பாக்கி தேவையில்லை. வேகமாகவும் நேராகவும் போகும் சின்னக் குண்டு போதும். கயோட்டிக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் குண்டு 55 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம் சொச்சம். அரை சவரனைவிடக் குறைவு. ஆனால் அது நொடிக்கு 3,200 அடி வேகத்தில், கிட்டத்தட்ட ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் கிளம்புகிறது.

"எனக்கு விளக்கமெல்லாம் வேண்டாம். ஒரே வரியில சொல்லுங்க, எதை வாங்கட்டும்?"

.223 ரெமிங்டன் தோட்டா போடும், ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ரூகர் அமெரிக்கன் அல்லது சாவேஜ் ஆக்சிஸ். மேலே ஒரு நல்ல 3-9x40 ஸ்கோப், அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ. அகலமுள்ள குறிநோக்கி. எல்லாம் சேர்த்து 800 டாலருக்குள் முடித்துவிட்டு, மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகுங்கள். கீழே இருப்பதெல்லாம் இதற்கு "ஏன்?" என்று கேட்பவர்களுக்கு.

"வீட்ல .22 ரைஃபிள் ஏற்கெனவே இருக்கு. கிட்ட வந்தா அதுலயே அடிச்சிடலாமே?"

அடிக்கலாம், ஆனால் அடித்த இடத்தில் விழாது. .22 லாங் ரைஃபிள் முயலுக்கும் அணிலுக்கும் உரியது. கயோட்டி அடிபட்டு ஓடி, எங்கோ புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும். அது அந்தப் பிராணிக்குச் செய்யும் கொடுமை. வேட்டைக்காரர்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் சண்டை போடுவார்கள், இதில் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள்.

.22 மேக்னம், .17 எச்எம்ஆர் இரண்டும் கொஞ்சம் பரவாயில்லை. .17 எச்எம்ஆர் குண்டு 17 கிரெய்ன்தான், நொடிக்கு 2,550 அடி. எண்பது கஜத்துக்குள், காற்றில்லாத நாளில், குறி தப்பாதவர் கையில் வேலை செய்யும். இத்தனை நிபந்தனை போட்டுத்தான் ஒரு துப்பாக்கியை ஒப்புக்கொள்ள முடிகிறது என்றால் அது இந்த வேலைக்கானது இல்லை.

".223, .22-250, .204, .243னு கடைக்காரர் அடுக்கிட்டே போறார். தலை சுத்துது."

இவை தோட்டா வகைகளின் பெயர்கள். நான்குமே கயோட்டியை நன்றாகவே வீழ்த்தும். வித்தியாசம் உங்கள் பர்ஸில்தான் தெரியும். .22-250 இந்த வேட்டைக்காரர்களின் பழைய செல்லப் பிள்ளை. 55 கிரெய்ன் குண்டை நொடிக்கு 3,680 அடி வேகத்தில் தள்ளும். 200 கஜத்தில் குறி சரிசெய்து வைத்தால் 300 கஜத்தில் சுமார் ஐந்து அங்குலம்தான் இறங்கும். அதே கணக்கில் .223 ஏழு அங்குலம் இறங்கும். அந்த இரண்டு அங்குலத்துக்காக ஒவ்வொரு பெட்டித் தோட்டாவுக்கும் பத்துப் பதினைந்து டாலர் அதிகம் கொடுக்க வேண்டும். பேரலும் (குழல்) சீக்கிரம் தேயும்.

.204 ரூகர் 2004-ல் வந்தது. அதிவேகம், உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் எல்லாக் கடையிலும் தோட்டா கிடைக்காது. .243 வின்செஸ்டர் 1955-லிருந்து இருக்கிறது. ஒரே ரைஃபிளில் மானும் கயோட்டியும் என்று நினைப்பவர்களுக்கு அதுதான் சரி. எடை குறைந்த குண்டைக் கயோட்டிக்கும், 95 அல்லது 100 கிரெய்ன் குண்டை மானுக்கும் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு .223 பிடிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும், மீன் தூண்டில் விற்கும் கடையில்கூட, ஒரு பெட்டி .223 இருக்கும். மலிவாகக் கிடைத்தால் பழகுவீர்கள். பழகினால் அடிப்பீர்கள். கயோட்டி வேட்டையில் பெரும்பாலான குறிகள் 150 கஜத்துக்குள்தான் அமையும். அந்தத் தூரத்தில் இந்த நான்கில் எதை வைத்துச் சுட்டாலும் கயோட்டிக்குத் தெரியப்போவதில்லை.

".223-யும் 5.56-ம் ஒண்ணுதான்னு ஃப்ரெண்டு சொல்றான். எது வேணா போடலாமா?"

வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 5.56 ராணுவத் தோட்டா. அதன் அழுத்தம் கூடுதல், அதற்கான துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையும் சற்று வேறு மாதிரி. 5.56 என்று பேரலில் பொறித்திருந்தால் இரண்டையும் போடலாம். .223 என்று மட்டும் இருந்தால் .223 மட்டும். .223 வைல்டு என்று இருந்தால் இரண்டும் ஓடும்.

இதைவிட முக்கியமான ஒன்று: .300 பிளாக்அவுட் என்று ஒரு தோட்டா இருக்கிறது. .223 தோட்டாவின் அதே அடிப்பகுதி, தோட்டா அடுக்கும் அதே மேகசின், ஆனால் குண்டு தடிமன். சில சமயம் அது .223 அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். விசையை அழுத்தினால் துப்பாக்கி உங்கள் முகத்துக்கு முன்னால் வெடிக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் மேகசின்களுக்கு வேறு வேறு நிறம் பூசி, வேறு வேறு பெட்டியில் வையுங்கள். என் யோசனை, இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம்.

"ரூகரா, சாவேஜா? இல்ல கொஞ்சம் கூடப் போட்டு டிக்காவா?"

ரூகர் அமெரிக்கன் 2012-ல் வந்தது. மலிவு ரைஃபிள் என்றால் குறி சரியாக இருக்காது என்ற பழைய நினைப்பை உடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது இரண்டாம் தலைமுறை வந்துவிட்டதால் முதல் தலைமுறை ரைஃபிள் எங்காவது மிச்சம் கிடந்தால் 450 டாலர் பக்கம் கிடைக்கும். பிரிடேட்டர் என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். பேரல் கொஞ்சம் தடிமன், முனையில் மரை உண்டு. போல்ட்டைத் தூக்கும் கோணம் 70 டிகிரிதான், அதனால் கை ஸ்கோப்பில் இடிக்காது.

சாவேஜ் ஆக்சிஸ் இன்னும் மலிவு. ஸ்கோப்போடு சேர்த்தே 400, 500 டாலருக்குள் வந்துவிடும். அக்யூட்ரிகர் உள்ளதா என்று மட்டும் பாருங்கள். சாவேஜ் 2003-ல் கொண்டுவந்த அந்த விசை, ஒரு தொழிற்சாலை ரைஃபிளில் நல்ல விசை என்றால் என்ன என்பதையே மாற்றியது. அது இல்லாத பழைய ஆக்சிஸின் விசையை அழுத்துவது துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ளுவதுபோல இருக்கும். பேரலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்பாகம் வளையும் தன்மையுள்ளது. சுடும்போது அதைக் கையால் பேரல் பக்கமாக அழுத்தாதீர்கள், குண்டு இடம் மாறும்.

பின்லாந்தில் செய்யும் டிக்கா டி3எக்ஸ், போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது. வெண்ணெயில் கத்தி போல. ஆனால் 800 டாலரைத் தாண்டும். கையில் பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கடன் அட்டையில் தேய்த்து வாங்காதீர்கள். ஜப்பானில் செய்யும் ஹோவா மினி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. .223-க்கென்றே குட்டையாக வடிவமைத்த ஆக்‌ஷன், தூக்கி நடக்க லேசு. உயரம் குறைந்தவர்கள் அதைக் கண்டிப்பாக ஒருமுறை தோளில் வைத்துப் பாருங்கள்.

"போல்ட் ஆக்‌ஷன்ல ஒவ்வொண்ணா இழுத்து இழுத்து சுடணுமே. ஏஆர்-15 வாங்கிட்டா வேலை முடிஞ்சுதில்ல?"

கயோட்டிகள் இரண்டு மூன்றாக வரும்போது ஏஆர்-15 உண்மையிலேயே வசதி, ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். ரூகர், ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற நிறுவனங்களின் சாதாரண ஏஆர் 600, 700 டாலருக்குக் கிடைக்கிறது. துல்லியத்திலும் இந்த வேலைக்குக் குறையில்லை.

எனக்குள்ள தயக்கம் வேறு. முதல் துப்பாக்கியே ஏஆர் என்றால், ஒன்று தவறினால் இன்னொன்று என்ற எண்ணம் கைக்குப் பழகிவிடும். ஓடும் கயோட்டியின் பின்னால் ஐந்து குண்டு போகும். அந்த ஐந்தும் எங்கே போய் நின்றன என்று சுட்டவருக்கே தெரியாது. போல்ட் ஆக்‌ஷன் உங்களைக் காக்கவைக்கும். கயோட்டி நிற்கும்வரை பொறுக்கக் கற்றுக்கொண்ட பிறகு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். அதோடு சில மாநிலங்களில் ஏஆர் வகைக்கே தடையோ கடுமையான கட்டுப்பாடோ உண்டு. வேலை மாறி கலிபோர்னியாவுக்கோ நியூ ஜெர்சிக்கோ போக வேண்டி வந்தால் தலைவலி.

"400 டாலர் துப்பாக்கிக்கு 300 டாலர் ஸ்கோப்பா? பெட்டியோட வர்றதே போதாதா?"

பெட்டியோடு வருவதில் சிலது போதும். பிரச்சினை பெரும்பாலும் கண்ணாடியில் இல்லை, அதை மாட்டிய விதத்தில்.

என் முதல் ரைஃபிள் அப்படி ஸ்கோப்போடு பெட்டியில் வந்ததுதான். எந்த நிறுவனம், எந்தக் கடை என்பது வேண்டாம். சுடுதளத்தில் முதல் மூன்று குண்டுகள் அட்டையில் இடது மேல் மூலையில் விழுந்தன. ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்தேன். அடுத்த மூன்று வலப்பக்கம். மறுபடி திருகினேன், மறுபடி வேறெங்கோ. இரண்டு பெட்டித் தோட்டா தீர்ந்தது, தோள் வலித்தது, எனக்குச் சுட வராது என்றே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தார். ஸ்கோப்பைக் கையால் பிடித்து மெல்ல ஆட்டினார். "டிக்" என்று ஒரு சத்தம். ஸ்கோப்புக்கு அடியில், ரைஃபிளோடு அதை இணைக்கும் தகட்டின் நான்கு திருகுகளில் இரண்டு, விரல் நகத்தாலேயே திருகும்படி தளர்ந்திருந்தன. ஸ்கோப்பைக் கழற்றி, திருகுகளில் இருந்த எண்ணெயைத் துடைத்து, மரை ஒட்டும் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கினார். அடுத்த மூன்று குண்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தன.

ஆகவே புது ரைஃபிள் வந்ததும் முதல் வேலை, ஸ்கோப்பைக் கழற்றி அடியில் இருக்கும் திருகுகளைச் சரிபார்ப்பது. தனியாக வாங்குவதானால் வோர்டெக்ஸ், லியூப்போல்ட், பர்ரிஸ் இவற்றில் 150 முதல் 300 டாலருக்குள் ஒரு 3-9x40 போதும். 6-24 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பெல்லாம் காகித அட்டைக்கு. ஒரு தடவை 9 மடங்கில் வைத்துவிட்டு மறந்துபோனேன். கயோட்டி முப்பது கஜத்தில் வந்து நின்றது. கண்ணாடி முழுக்க வெறும் ரோமம். தலை எது வால் எது என்று தெரியவில்லை. தெரிந்தபோது அது அங்கே இல்லை. காத்திருக்கும்போது எப்போதும் 3-ல் வையுங்கள். கூட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும், குறைக்கக் கிடைக்காது.

"பேரல்ல 1:8, 1:9, 1:12னு எழுதியிருக்கே, அது என்ன?"

பேரலுக்குள் திருகுபோல ஓடும் வரிகள் குண்டைச் சுழற்றுகின்றன. பம்பரம் சுழன்றால் நிற்கிறதே, அதே கதை. 1:8 என்றால் எட்டு அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. நீளமான, கனமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். .223-ல் 1:8 அல்லது 1:9 வாங்கிவிட்டால் 50, 55 கிரெய்னோடு கனமான குண்டுகளும் ஓடும். பழைய 1:12 பேரல் 55 கிரெய்னோடு நிறுத்திக்கொள்ளும். கயோட்டிக்கு அதுவே போதும் என்பதால், பழைய ரைஃபிள் நல்ல விலைக்கு வந்தால் இந்த எண்ணைக் காரணமாக வைத்து விடாதீர்கள்.

"எந்தத் தோட்டா? கடையில இருக்கற மலிவு டப்பா போதுமா?"

முழுக்கச் செம்பு உறை போட்ட எஃப்எம்ஜே தோட்டாதான் மலிவு. பழகுவதற்கு அதை வாங்குங்கள், வேட்டைக்கு வேண்டாம். அது ஊசிபோலத் துளைத்து வெளியே போய்விடும்; .22 பற்றிச் சொன்ன அதே கொடுமை இங்கேயும் நடக்கும். வேட்டைக்கு முனையில் பிளாஸ்டிக் வைத்த, உள்ளே போனதும் சிதறும் குண்டு: ஹார்னடி வி-மேக்ஸ், நோஸ்லர் பாலிஸ்டிக் டிப் மாதிரி. அல்லது முனையில் ஈயம் வெளியே தெரியும் சாதாரண சாஃப்ட் பாயின்ட். இருபது தோட்டாப் பெட்டி 20 டாலருக்கு மேல் ஆகும், ஆனால் வருடத்துக்கு இரண்டு பெட்டி போதும். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான்.

தோல் கெட்டுப்போகுமே என்று கேட்பவர்கள் உண்டு. கயோட்டி ரோமத்தைக் குளிர்ச்சட்டைத் தொப்பியில் வைத்துத் தைத்துப் பிரபலமாக்கிய கனடா கூஸ் நிறுவனமே 2021-ல் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. டெக்சாஸ் கயோட்டியின் ரோமம் வடக்கத்திய கயோட்டியைப்போல அடர்த்தியும் இல்லை. தோல் விற்றுத் துப்பாக்கிக் காசை எடுக்கலாம் என்ற கனவு இருந்தால் விட்டுவிடுங்கள்.

"100 கஜத்துல ஒரு அங்குலத்துக்குள்ள மூணு குண்டும் விழலை. துப்பாக்கி மோசமா?"

ஒன்றரை அங்குலத்துக்குள் விழுகிறதா? போதும். 200 கஜத்தில் அது மூன்று அங்குலம்; முதல் கேள்வியில் சொன்ன நெஞ்சுப் பகுதி அதைவிடப் பெரியது. அந்த ஒரு அங்குலக் கணக்கு, மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. நீங்கள் சுடப்போவது முள்செடிக்கு நடுவே குத்தவைத்து, இதயம் படபடக்க.

அதனால் குறி சரிசெய்தது முடிந்ததும் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு கவைக் கம்பில் தாங்கி, 100 கஜத்தில் ஒரு சாப்பாட்டுக் கிண்ண அளவு வட்டத்தில் பத்துக்குப் பத்து வரும்வரை சுடுங்கள். இன்னொன்று: மூன்று வெவ்வேறு கம்பெனித் தோட்டா வாங்கிப் பாருங்கள். ஒரே ரைஃபிள் ஒன்றை இரண்டரை அங்குலத்தில் சிதறடிக்கும், இன்னொன்றை ஒரு அங்குலத்தில் போடும். காரணம் கேட்காதீர்கள், பிடித்ததை ஊட்டுங்கள்.

"குறியை எந்தத் தூரத்துல சரிபண்ணி வெக்கணும்?"

முதலில் 25 கஜத்தில் அட்டையில் விழவையுங்கள். அப்புறம் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி திருகுங்கள். .223-ல் அது ஏறக்குறைய 200 கஜத்தில் நடுவில் வந்து நிற்கும். முகப்பில் இருந்து 200 கஜம் வரை நேராக நெஞ்சிலேயே வைத்துச் சுடலாம், கணக்கே வேண்டாம். வாய்ப்பிருந்தால் 200 கஜத்திலேயே ஒருமுறை சுட்டுப் பாருங்கள். மணிக்கு பத்து மைல் பக்கக் காற்று அங்கே குண்டை நாலைந்து அங்குலம் தள்ளும். பார்த்தால்தான் நம்புவீர்கள்.

"செகண்ட் ஹேண்ட் வாங்கினா ஏமாத்திடுவாங்களா?"

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் ஏமாற்ற இடம் குறைவு. போல்ட்டை வெளியே எடுத்து, பின்பக்கமிருந்து பேரல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். வரிகள் கூர்மையாக, பளபளப்பாக இருக்க வேண்டும். முனையில் அடிபட்ட தழும்பு இருந்தால் வேண்டாம். .22-250 என்றால் எத்தனை தோட்டா சுட்டது என்று கேளுங்கள். ஆயிரங்களில் பதில் வந்தால் பேரல் தொடங்கும் தொண்டைப் பகுதி எரிந்திருக்கும். .223-ல் அந்தக் கவலை மிகக் குறைவு. மானுக்கென்று வாங்கி, வருடத்துக்கு ஐந்து குண்டு சுட்டு, அலமாரியில் தூங்கிய ரைஃபிள்கள் ஏராளம். அவைதான் உண்மையான மலிவு.

"நான் எச்-1பி. என்னால வாங்க முடியுமா?"

போன் செய்பவர்களில் பாதிப் பேர் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான், முதலில் கேட்க வேண்டியது. கிரீன் கார்டு இருந்தால் குடிமக்களைப்போலவே கடையில் 4473 என்ற கூட்டாட்சிப் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்கு உள்ள விலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்று: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது.

"காலாவதியாகாத" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். டெக்சாஸ் உரிமம் ஒவ்வொரு ஆகஸ்ட் 31-ம் தேதியோடும் முடிகிறது. செப்டம்பர் 1-ம் தேதி காலையில் உரிமம் புதுப்பிக்காமல் அலமாரியில் ரைஃபிள் இருந்தால், ஒரு குண்டும் சுடாமலே நீங்கள் குற்றவாளி. இதனால் விசாவே போகலாம். 25 டாலர் உரிமத்துக்காக வாழ்க்கையைப் பணயம் வைக்காதீர்கள். வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள், துப்பாக்கிக் கடைக்காரர் சொல்வதோடு நிற்க வேண்டாம்.

"அப்போ நீங்க சிட்டிசன்தானே, உங்க பேர்ல வாங்கிக் குடுங்களேன். காசு நான் தர்றேன்."

மாட்டேன். யார் கேட்டாலும் நீங்களும் மாட்டேன் என்று சொல்லுங்கள். இன்னொருவர் காசில், இன்னொருவருக்காக, என் பெயரில் வாங்குவதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்'. 4473 படிவத்தின் கேள்விகளில் ஒன்றே "இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்பது. 2022-ல் வந்த சட்டப்படி இதற்கு 15 ஆண்டு வரை சிறை. வீட்டுக்கு வாடகை ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது போன்ற உதவி இல்லை இது.

"என் நிலம், என் ஆடு. இதுக்கும் லைசென்ஸ் வேணுமா?"

டெக்சாஸில் கயோட்டிக்குப் பருவமும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. உங்கள் ஆட்டை அல்லது கோழியைத் தாக்கிக்கொண்டிருந்தாலோ, தாக்க வந்தாலோ, சமீபத்தில் தாக்கியிருந்தாலோ உரிமம் இல்லாமலே சுடலாம். மற்றபடி வேட்டை என்றால் உரிமம் வேண்டும். 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். விசாவில் இருப்பவர்கள் இந்த ஆடு விலக்கை நம்பாதீர்கள். மேலே சொன்னபடி உங்களுக்கு உரிமமே கவசம்.

நிலம் எவ்வளவு என்பது இன்னொரு விஷயம். நகர எல்லைக்கு வெளியே, மனைப்பிரிவாகப் பிரித்த 10 ஏக்கரும் அதற்குக் குறைவுமான மனைகளில் சுடுவதைத் தடைசெய்ய கவுன்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அதிகாரம் உண்டு. வாங்குவதற்கு முன் கவுன்டி அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் குண்டு அடுத்தவர் எல்லையைத் தாண்டினால், அவர் எழுத்தில் சம்மதம் தராதவரை, அதுவும் குற்றம்.

"எனக்கு அஞ்சு ஏக்கர்தான். சுத்தி வீடுங்க. அப்ப என்ன பண்றது?"

கவுன்டி அனுமதித்தாலும் ரைஃபிள் வேண்டாம். .223 குண்டு எதிலும் படாமல் போனால் ஒரு மைலுக்கு மேல் போகும். ஒரே தோட்டாவில் பல ரவைகளைத் தெளிக்கும் ஒரு பம்ப் ஷாட்கன், மோஸ்பெர்க் 500 மாதிரி, 12 கேஜ் (குழலின் அளவு), நம்பர் 4 பக்‌ஷாட். நாற்பது கஜத்துக்குள் கயோட்டிக்கு அது தாராளம். ரவைகள் ரைஃபிள் குண்டு போகும் தூரத்துக்கு எங்கும் போகாது. பழையதை 250 டாலருக்குப் பிடிக்கலாம். இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாவற்றையும்விட மலிவு. அப்போதும் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சுட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் எந்தத் துப்பாக்கியானாலும் பூட்டுப் பெட்டி கட்டாயம். தோட்டா நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்குப் போகும்படி அசட்டையாக விடுவது டெக்சாஸில் குற்றம்.

"ராத்திரிதான் வருது. தெர்மல் ஸ்கோப், சைலன்சர் எல்லாம் வாங்கணுமா?"

தனியார் நிலத்தில் இரவு வேட்டை டெக்சாஸில் செல்லும். கிளம்பும் முன் அந்தப் பகுதி கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்ட அதிகாரி) ஒரு போன் போட்டுவிடுங்கள். இருட்டில் வெளிச்சம் அலைவதைப் பார்த்து யாராவது புகார் சொல்லுவார்கள். தெர்மல் அருமையான பொருள், ஆனால் சுமாரானதே ரைஃபிளைவிட அதிக விலை. தவிர அதில் சூடு தெரியும், முகம் தெரியாது. பக்கத்துப் பண்ணை நாயும் கயோட்டியும் அதில் அண்ணன் தம்பி போல இருக்கும். நான் விடியலில் உட்கார்வதோடு சரி.

சைலன்சர் டெக்சாஸில் சட்டப்படி வாங்கலாம். அதற்கிருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பதிவும் கைரேகையும் அப்படியேதான். அது வாங்கும்வரை 30 டாலர் காது மூடி இல்லாமல் ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள். என் இடது காதில் இன்னும் சில்வண்டு கத்துகிறது.

"சுட்டாச்சு. தொடலாமா? என்ன செய்யறது?"

வெறுங்கையால் வேண்டாம். ரப்பர் கையுறை போடுங்கள். உண்ணி, சொறி, அதற்கு மேல் வெறிநோய். 1988-ல் தெற்கு டெக்சாஸ் கயோட்டிகளிடையே நாய் வெறிநோய் பரவி, 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து அடைத்த தீனியை வீசிக் கட்டுப்படுத்தினார்கள். கடித்தாலோ, எச்சில் காயத்தில் பட்டாலோ நேராக மருத்துவமனை. உயிரோடு பிடித்து வேறு இடத்தில் விடலாமே என்ற நல்ல எண்ணமும் வேண்டாம். அந்தப் பரவலுக்குப் பிறகு கயோட்டியை உயிரோடு வண்டியில் ஏற்றிப் போவதே தடை.

"ஒண்ணு ரெண்டு சுட்டுட்டா ஆடு தப்பிச்சிடும்ல?"

சில வாரத்துக்கு. கயோட்டி ஜோடி ஜோடியாக எல்லை பிரித்து வாழும். இந்த ஜோடி போனால் அடுத்த ஜோடி அந்த இடத்துக்கு வரும், அது ஆட்டைப் பார்த்த மாத்திரத்தில் விருந்து என்று நினைக்கும் ஜோடியாகவும் இருக்கலாம். நூறு வருடமாகச் சுட்டும், விஷம் வைத்தும், பொறி வைத்தும் கயோட்டி குறையவில்லை. மேற்குச் சமவெளிகளில் இருந்தது இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் ஓடுகிறது.

எனக்கு வேலை செய்தது வேறு. கிரேட் பிரனீஸ் இன நாய்கள் இரண்டு, குட்டியிலேயே ஆட்டுக் கொட்டகையில் விட்டு வளர்த்தவை. கூடவே வேலியின் அடியில், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் ஒரு மின்கம்பி. ஆடு குட்டி போடும் மாதத்தில் ராத்திரி கொட்டகைக் கதவைச் சாத்துவது. இவை இருந்தும் ஒரு குறிப்பிட்ட கயோட்டி விடாமல் வந்தால்தான் ரைஃபிளை எடுக்கிறேன். போன வருடம் எடுத்தது இரண்டு முறை. நாய்த் தீனிக்கு ஆகும் செலவைப் பார்த்தால் ரைஃபிள்தான் மலிவு என்று வீட்டில் சொல்கிறார்கள், அதுவும் உண்மை.

"ஊருக்குத் திரும்பிப் போறப்ப எடுத்துட்டுப் போகலாமா அண்ணா? தோட்டத்துல பன்றித் தொல்லை."

முடியாது தம்பி. இங்கிருந்து ஏற்றுமதி அனுமதி, அங்கே ஆயுதச் சட்டப்படி உரிமம், இறக்குமதி அனுமதி என்று மூன்று மலை ஏற வேண்டும். அங்கே 1972 வனவுயிர்ச் சட்டமும் இருக்கிறது. குள்ளநரியைச் சுட்டால் ஜெயில். கிளம்பும் முன் இங்கேயே உரிமம் பெற்ற கடையில் விற்றுவிடுங்கள். நன்றாக வைத்திருந்தால் பாதி விலைக்கு மேல் தருவார்கள். ஸ்கோப்பைத் தனியாக விற்றால் இன்னும் கொஞ்சம் வரும்.